பிடரியும் பிறர் சிநேகமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆசீர்வாதத்துக்குச் சற்று முன்பாக, சபையில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள் திறப்பைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டும், மறுபாதிப்பேர் மத்தியானத்துக்குக் கோழியா மீனா என்னும் பிரச்சினையில் ஆழ்ந்தும் இருந்த அந்தப் பக்திமயமான நிமிஷத்தில், பங்குச் சபையின் காரியதரிசி ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, எதிர்வரும் மாதம் தொடக்கம் முதலாம் ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு எவரும் வீட்டுக்கு ஓடலாகாது என்றும், எல்லோரும் மண்டபத்துக்கு வந்து பிளேன்டீ அருந்தி, இதுவரை பழகாத ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவருடன் கால்மணி நேரம் சம்பாஷித்து, அவரைப்பற்றி அறிந்துகொண்ட மூன்று விஷயங்களை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டே செல்லவேண்டும் என்றும் அறிவித்தார்.

இவ்வளவோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். வாசலில் ஒரு படிவமும் தந்தார்கள். பெயர், விலாசம், தொலைபேசி, இரத்த வகை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, அடியில், பங்கில் எவருடன் ஆழ்ந்த உறவை வளர்க்க விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. விடை எழுதுவதற்குப் புள்ளியிட்ட கோடு ஒன்று. அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஒரு கத்தோலிக்கனுடைய முழுப்பெயர் அடங்காது; ஞானஸ்நானப் பெயரோடு உறவை நிறுத்திக்கொள்ளவேண்டியதுதான். போதாக்குறைக்கு, நான் எழுதுகிறவன் என்று யாரோ கோள் மூட்டியதன் பலனாக, "அங்கிள், திருநாள் மலருக்கு 'உறவை ஆழப்படுத்தும் வழி' என்று அரைப்பக்கம் எழுதித் தாங்க" என்று காரியதரிசி என் கையைப் பிடித்துக்கொண்டார். வழி ஒன்று என்னிடம் இருக்கத்தான் செய்கிறது. நிச்சயம் பலிக்கக்கூடிய வழி. அதை இந்தக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

அதற்குமுன் என்மீதுள்ள அபவாதம் ஒன்றைத் தீர்த்துவிடவேண்டும். நான் மனிதரை வெறுப்பவன் அல்லன். ஹெந்தளையில் குடியிருப்பவன் அப்படி இருக்கவும் முடியாது. களனி கங்கையைத் தாண்டி வத்தளைக்கு வந்து, கடலை நோக்கித் திரும்பி, ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வந்த புதிதில் 1802ஆம் ஆண்டு தொடங்கி வெட்டுவித்த ஹமில்டன் கால்வாயை அண்மித்தால், பிறர் முகத்தில் விழிக்காமல் ஒரு பாண் வாங்கவும் முடியாத ஒடுக்கமான வீதிகள் ஆரம்பமாகிவிடுகின்றன. கொட்டாஞ்சேனையில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள், யுத்தகாலத்தில் வடக்கிலிருந்து வந்து 'தற்காலிகமாக' ஒரு தலைமுறை தங்கிவிட்டவர்கள், மலைநாட்டிலிருந்து பிள்ளைகளின் உத்தியோகத்தைத் தொடர்ந்து இறங்கி வந்தவர்கள், தூத்துக்குடிக் கரையின் ஞாபகம் இன்னும் குடும்பப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பரதர்கள் என்று பலரும் சேர்ந்ததுதான் எங்கள் தமிழ்ப் பூசை. சிங்களப் பூசை முடிந்து வெளியேறும் வாகனங்களும் தமிழ்ப் பூசைக்கு வந்து நுழையும் வாகனங்களும் ஒரே கேற்றில் முட்டிக்கொள்ளும்போது இரு பாஷைகளிலும் பரிமாறப்படும் சொற்களைக் கேட்டவர்கள், சமூகங்களுக்கிடையே பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருநாளும் குறை சொல்லமாட்டார்கள்.

மேலும், இந்தச் சபையில் எனக்கு ஆழ்ந்த உறவு எதுவுமே கிடையாது என்பது பெரும் பொய். எனக்கு முன் வாங்கில் இருக்கிற பெரியவருடைய பிடரியை நான் அறிந்த அளவுக்கு அவருடைய மனைவியும் அறிந்திருக்கமாட்டார். மனைவி காண்பது முகத்தை. முகமோ பேசும், சமாளிக்கும், சிரித்து மழுப்பும். பிடரிக்கு அந்தச் சாமர்த்தியங்கள் இல்லை. வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், செபத்துக்கும் பிரசங்கத்துக்கும் இடைப்பட்ட சகல அவகாசங்களிலும், இரண்டடி தூரத்தில் அதை நான் தரிசித்து வருகிறேன். அது நரைத்த முறையை அறிவேன். ஒரு கிறிஸ்மஸ் காலத்தில் அது திடீரென்று அட்டக் கறுப்பாக மாறி, காதின் மேல்மடலிலும் சிறிது மை படிந்திருந்ததையும், தவசு காலம் வருவதற்குள் அந்த வைராக்கியம் தளர்ந்து அடிமயிர் வெளுத்ததையும் அறிவேன். உத்தரியப் பதக்கம் கோத்த அவருடைய பொற்சங்கிலி பெப்ரவரியில் பிடரியைவிட்டு மறைந்தது; ஜூன் மாதம் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு முந்திய ஞாயிறு மறுபடியும் வந்து சேர்ந்தது; இடைக்காலத்தில் அது எங்கே தங்கியிருந்தது என்பதை, ஜனவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு செய்து பழகிய எந்தக் குடும்பஸ்தனும் சொல்லாமலே அறிவான். சங்கிலி திரும்பியதைக் கண்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று. ஆனால் அதை அவரிடம் சொல்லலாகாது. சொன்னால், அது போயிருந்ததும் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பிரசங்கத்தின்போது பிடரிகளைப் பார்க்காதவர் பிரசங்கத்தைப் பாதிதான் கேட்டவர். இலஞ்சத்தைக் கண்டித்துக் குருவானவர் பேசிய ஒருநாள், மூன்றாம் வாங்கில் ஒரு பிடரி கழுத்துப்பட்டிக்குள் அங்குலம் அங்குலமாக இறங்கியதை நான் கண்டேன். பிறர் சிநேகத்தைப்பற்றிப் பேசியபோது எந்தப் பிடரியும் அசையவில்லை, எல்லோரும் நித்திரை. நித்திரையிலும் பேதங்கள் உண்டு: அரசாங்க உத்தியோகத்தவரின் பிடரி நேராக நின்றபடியே உறங்கும், வியாபாரியின் பிடரி ஒரு பக்கமாகச் சரிந்து, மணிச் சத்தத்துக்கு முதல் ஆளாக நிமிரும். பௌடர் பூசிய பிடரி ஒன்று உண்டு. காணிக்கைப் பை அந்த வாங்கை நெருங்கும் சமயம் பார்த்து அது தியானத்தில் தாழ்ந்து, பை கடந்ததும் உயரும். சதுரமாகச் சவரம் செய்த வாலிபப் பிடரிகளுக்கும் எனக்கும் பரிச்சயம் போதாது. அவை பூசைக்கு வருவதே மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும் ஞாயிறுகளில்தான்.

பிடரிப் புராணம் போதும் என்று வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு இன்னும் போதவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் கோவிலில் வாங்குகள் இருக்கவில்லை, தரையும் பாயும்தான். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். பெண்களுடைய தலைக்குமேல் முக்காடு. நடுவில் பிள்ளைகள் தவழ்ந்து திரிவார்கள். அந்தக் கலவரத்தில் ஒருவருடைய பிடரி மற்றவருக்கு நிரந்தரமாக வாய்த்திருக்க மாட்டாது. அன்று சகலருக்கும் பொதுவான பிடரி ஒன்றே ஒன்று. அது பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் பூசை வைத்த குருவானவருடையது. 1962 தொடக்கம் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையடுத்து வந்த திருத்தங்களில், பீடம் சுவரைவிட்டு முன்னுக்கு நகர்ந்தது. குருவானவர் சனங்களை நோக்கித் திரும்பினார். பாஷையும் நமக்கு விளங்கும் பாஷையாயிற்று. அன்றிலிருந்து சகல முகங்களையும் ஒருங்கே காணும் பாக்கியம் குருவானவருக்கு மாத்திரம் கிடைத்திருக்கிறது. அவருக்குச் சபை என்பது முகங்கள். எங்களுக்குச் சபை என்பது பிடரிகள். ஆகவே, எங்களுக்குள் உறவு போதாது என்று மேலேயிருந்து அவர் வருந்தும்போது, பேசுகிற பொருளையே நாங்கள் இருவரும் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை எந்தப் பங்குச் சபையும் கவனிப்பதில்லை. குருவானவரைத் திருப்பி வைத்த சங்கம் சனங்களைத் திருப்பி வைக்காமலே கலைந்துவிட்டது.

அந்தப் பெரியவர் நடுவில் சில ஞாயிறுகள் வரவில்லை. எனக்குப் பூசையில் மனம் லயிக்கவில்லை. அவருடைய இடத்தில் யாரோ ஒரு வாலிபன் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். விசாரிக்கலாம் என்றால், எவரிடம் எப்படி விசாரிப்பது? பெயர் தெரியாது. வீடு தெரியாது. முகத்தை வர்ணிக்கச் சொன்னால் எனக்கு வராது. ஒருவருடைய பிடரியை வர்ணித்து, அது எங்கே போயிற்று என்று பங்குக் காரியாலயத்தில் கேட்டால் அங்குள்ளவர்கள் என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள்? பிறகு ஒரு ஞாயிறு வந்தார். பிடரிக்குக் குறுக்கே கறுப்புக் கண்ணாடியின் நாடா இருந்தது. கண் சத்திரசிகிச்சை. நான் சர்வேசுரனுக்கு நன்றி சொன்னேன். எனக்குப் பின் வாங்கில் இருப்பவர் யார், என் பிடரியின்மூலம் அவர் அறிந்து வைத்திருப்பவை எவை என்ற யோசனை அப்போதுதான் எனக்கு உதித்தது. அன்று முதல் கழுத்துப்பட்டியை அயர்ன் செய்து போடுகிறேன்.

இந்தப் பிடரிகள் திரும்புவது பூசையில் ஒரே ஒரு தரம்: ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும்படி குருவானவர் கேட்கும்போது. அந்தக் கணத்தில் ஏற்படும் ஏமாற்றத்தை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். நீதவானுக்குரிய கம்பீரத்தோடு விளங்கிய பிடரி, திரும்பினால், சளி பிடித்த ஒரு சாதாரண முகம். இரண்டு கையையும் கூப்பி, உடம்பை அரையங்குலம் வளைத்து, கண்ணைத் தூரத்துத் தூணொன்றின்மேல் நிறுத்தி, உதட்டுக்குள்ளே "சமாதானம்" என்று முனகிவிட்டு, இரு தரப்பும் அவசரமாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறோம். ஆதித் திருச்சபையார் சமாதானத்தின் அடையாளமாக ஒருவரையொருவர் முத்தமிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் இதைக் குறிப்பிடுகிறார். மத்திய காலத்து ஐரோப்பாவில் அந்த வழக்கத்துக்குச் சங்கோசம் பிறந்து, மனிதருக்குப் பதிலாக ஒரு பலகையை முத்தமிட்டுக் கைக்குக் கை கொடுத்தார்கள்; அதுவும், பலகை யாருக்கு முதலில் வருவது என்ற கௌரவச் சண்டையிற்போய் முடிந்ததுண்டு. நம்முடைய திருநாளில் கொடி ஏற்றுவதற்கும் கூடு சுமப்பதற்கும் யார் முதல் என்று எழும் வாக்குவாதங்களைக் கண்டு, தமிழன்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சரித்திரம் கொஞ்சம் ஆறுதலளிக்கக்கூடும். 2014ஆம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து, சமாதானம் தெரிவிக்கும் சாக்கில் விசுவாசிகள் இடத்தைவிட்டு எழுந்து அங்குமிங்கும் போகவேண்டாம் என்று ஒரு கடிதம் வந்தது. எந்தத் தேசத்துச் சபையை உத்தேசித்து அதை எழுதினார்களோ தெரியாது. ஹெந்தளைக்கு அது அனாவசியம்.

சரி, மண்டபத்துக்குப் போனால் மாத்திரம் என்ன பேசப்போகிறோம்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதற்கேள்வி, "ஊர் எது?" ஹெந்தளை என்று சொல்லிப் பாருங்கள். இங்கே 1708இல் ஒல்லாந்தர் ஸ்தாபித்த தொழுநோய் ஆஸ்பத்திரி இன்றைக்கும் இருக்கிறது. நான் இப்பக்கம் குடிவந்த புதிதில், கொட்டாஞ்சேனைப் பெரியவர்கள் 'ஹெந்தளையா' என்று கேட்டுவிட்டு, அனுதாபத்தோடு என் விரல்களைப் பார்ப்பார்கள். ஆனால் சக விசுவாசி கேட்பது அதுவல்ல. "அது சரி, சொந்த ஊர்?" யாழ்ப்பாணம். "யாழ்ப்பாணத்தில்?" இன்ன பக்கம். "அந்தப் பக்கத்தில் எந்தக் கோவில்?" இளவாலையா, குருநகரா, பாஷையூரா; மன்னாராயின் பேசாலையா, வங்காலையா. ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் அவருக்கு வேண்டிய விஷயம், என் வாயிலிருந்து வராமலே, அவருடைய கண்ணில் தென்பட்டுவிடும். அதற்குமேல் சம்பாஷணை ஒன்று மிகவும் பிரியமாக நடக்கும், அல்லது பிளேன்டீ ஆறிவிடும். மலைநாட்டிலிருந்து வந்தவரிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டதோடு விசாரணை முடிந்துவிடும். அவரைப்பற்றி அறியவேண்டியது அவ்வளவுதான் என்று கேட்பவருக்கு எண்ணம். ஞானஸ்நானத் தொட்டியில் கழுவப்படாத இந்தக் கறையைப்பற்றி அட்டையில் மூன்று விஷயம் எழுதச் சொன்னால் எழுதுகிறேன். பெட்டியில் போடமாட்டேன், வாசித்துக் காட்டுகிறேன்.

பக்கத்தில் இருப்பவர் யார் என்று எல்லோரும் மெய்யாகவே அறிய விரும்பிய ஒரு காலம் இருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப்பின், கோவில் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனோம். தெரியாத முகம் ஒன்று வந்தால் எல்லாப் பிடரிகளும் திரும்பின. அதைச் சிநேகம் என்று எவரும் சொல்லவில்லை.

ஆழ்ந்த உறவுக்கு இத்தீவின் கத்தோலிக்கருக்கு உண்மையில் உபகாரம் செய்தவர்கள் ஒல்லாந்தர் என்பது என் அபிப்பிராயம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவர்கள் குருமாரைத் துரத்தி, பூசையைத் தடைசெய்து, கோவில்களைத் தங்கள் மதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப்போல வேஷம் பூண்டு வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அந்தச் செபமாலையின்மேல் எந்தக் கண் ஒரு விநாடி தாமதிக்கிறது என்பதைக் கவனித்தே அவர் தம்முடைய சனங்களைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பூசை இரவில், ஏதேனும் ஒரு வீட்டில். யாராவது ஒருவர் வாய்திறந்தால் எல்லோருக்கும் விலங்கு. 1689ஆம் ஆண்டு நத்தாரன்று யாழ்ப்பாணத்தில் அப்படிக் கூடியிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். குருவானவர் வருஷத்துக்கொருமுறை வந்தாலே பெரிதென்றிருந்த கிராமங்களில், மூப்பரும் அண்ணாவியும் செபம் சொல்லிக்கொடுத்து, பிறப்பு இறப்புகளைக் கவனித்து, யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுவரை அறிந்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள், ஆகையால் அறிந்திருந்தார்கள். இரத்த வகை கேட்கவில்லை. அந்த அடிகளாரை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்; விடியற்காலம் முன்பின் தெரியாத ஓர் அம்மா தம்முடைய பணிஸில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்து, "சாப்பிடுங்கோ தம்பி, விழுந்துகிழுந்து போவியள்" என்றார். ஊர் எது என்று கேட்கவில்லை. மடுத் திருநாளுக்குப் போய்க் கூடாரம் அடித்தவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும்: பக்கத்துக் கூடாரத்தில் உப்பும் தேங்காயும் கேட்டு வாங்கி, பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறோம். அதே குடும்பத்தை வத்தளை மீன்கடையில் கண்டால் விளைமீனின் செவுளை அதிசிரத்தையாகப் பரிசோதிக்கிறோம்.

ஆகவே, உறவை ஆழப்படுத்த நான் கண்ட வழியைச் சொல்லும் சந்தர்ப்பம் இதுதான். ஆனால் இன்றைக்கு எனக்கு வேறு தலையிடி. இந்த வாரம் அன்பியக் கூட்டம் என் வீட்டு முறை.

தென்னமெரிக்காவில் ஏழைச் சனங்கள் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தையும் கூலியையும்பற்றிப் பேசிய சிறு கூட்டங்களுக்கு, 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் கூடிய ஆயர்கள் ஆதரவு கொடுத்தார்கள். அந்த முறை உலகத்தைச் சுற்றி, கொலம்பியாவிலிருந்து கொழும்புக்கு வந்து, களனி ஆற்றையும் கடந்தபோது, அன்பியம் என்று பெயர் பெற்று, வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடும் கூட்டமாகி, றோல்ஸா பற்றிஸா என்னும் விவாதமாகப் பரிணமித்திருந்தது. சென்ற முறை கூடிய வீட்டில் இரண்டும் கொடுத்தார்கள், கேக்கும் இருந்தது. என் மனைவி அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேதாகம வாசகம் எது என்று எவரும் இன்னும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கதிரை ஆறு, வருகிறவர்கள் இருபது. மதிலுக்குமேல் தலை தெரியும் அளவுக்கே இதுவரை அறிமுகமாயிருந்த சிங்களக் கனவான் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மாலையில் அவரை அழைத்து, கதிரை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அரைமணி நேரத்துக்குள் மகனும் அவருமாகப் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள்; பின்னால் அவருடைய மனைவி இரண்டு கிலோ சீனியும் தேயிலைப் பக்கெற்றும் கொண்டுவந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். முற்றத்துக்கு ஒரு மின்விளக்கு இழுக்க வேண்டாமா என்று மகன் கேட்டான். கனவான் என்னை ஒரு பக்கமாக அழைத்துச் சென்று, தமக்குத் தெரிந்த தமிழில், குரலைத் தாழ்த்தி, "யாரு, மாத்தயா?" என்றார்.

"கோவில் ஆட்கள்தான்," என்றேன். "இருபது பேர்."

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவரும் இறக்கவில்லை, இது கோவிலார் ஒருவரோடொருவர் பேசிப் பழகுவதற்காக வைக்கும் கூட்டம் என்று இரண்டு பாஷைகளிலும் விளக்கியதில் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே கோவிலுக்குத்தானே போகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஆம் என்றேன். சிறிது நேரம் யோசித்தார். சீனியைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கதிரைகளோடு வழக்கமாகத் தருகிற சீட்டுக்கட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கூட்டம் நீண்டால் உதவும் என்று மேசையில் வைத்தார். எட்டரைக்குள் முடிந்துவிடும், செபமாலையைக்கூடச் சுருக்கித்தான் சொல்வார்கள் என்றேன். அப்படியானால் ஒன்பது மணிக்குக் கதிரைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அடுத்த ஒழுங்கையில் மெய்யான செத்தவீடு ஒன்று இருக்கிறதாம்.